ரத்தம் நின்றால் போதுமா?

மூன்று நாள் காய்ச்சல், சளி. நான்காம் நாள் விடியற்காலையில் ஐந்து வயதுப் பிள்ளை எழுந்து உட்கார்ந்து குமட்டுகிறது. அடுத்த நொடி படுக்கை முழுக்க ரத்தம். நேற்று வரை தெருவில் ஓடி விளையாடிய பிள்ளை அது. காமாலை வந்ததில்லை, கால் வீங்கியதில்லை, வயிற்றுவலி என்று ஒரு நாள் படுத்ததில்லை. பெற்றோருக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. நுரையீரலில் ஏதோ கோளாறு என்பார் ஒருவர். அல்சர் என்பார் இன்னொருவர். திருஷ்டி கழிக்கச் சொல்லவும் பக்கத்து வீட்டில் ஆள் இருக்கும்.

அவசரப் பிரிவில் அனுபவமுள்ள குழந்தை மருத்துவர் இருந்தால், அவர் கை நேராகப் போவது பிள்ளையின் இடது விலாவுக்குக் கீழே. அங்கே கெட்டியாக ஒன்று தட்டுப்பட்டால் பாதி விடை கிடைத்துவிடும். அது வீங்கிய மண்ணீரல். இந்தியாவில் குழந்தைகள் இப்படி ரத்தமாக வாந்தி எடுப்பதற்கு முதன்மைக் காரணம் வயிற்றுப்புண் அல்ல. போர்ட்டல் சிரையில் ஏறிய அழுத்தம். மருத்துவர்கள் இதை ‘போர்ட்டல் ஹைப்பர்டென்ஷன்’ என்கிறார்கள். பெரியவர்களுக்கு வரும் ரத்தக் கொதிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சாதாரண நாளில் இந்தப் பிள்ளைக்குக் கையில் பட்டை கட்டிப் பார்த்தால் பிரஷர் சரியாகவே இருக்கும்.

குடல், இரைப்பை, கணையம், மண்ணீரல் ஆகியவற்றிலிருந்து திரும்பும் ரத்தம் நேராக இதயத்துக்குப் போவதில்லை. கணையத்தின் பின்புறம் குடல் சிரையும் மண்ணீரல் சிரையும் ஒன்றுகூடிப் போர்ட்டல் சிரையாகி, கல்லீரலுக்குள் நுழைகின்றன. சாப்பாட்டின் சத்தெல்லாம் முதலில் கல்லீரலுக்குப் போய்ச் சேர்வது இந்த வழியில்தான். கல்லீரல் பெறும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு இதன் மூலமே வருகிறது. இந்தக் குழாயில் இயல்பான அழுத்தம் 5 முதல் 10 மி.மீ. பாதரசம் மட்டுமே. வழியில் எங்காவது தடை விழுந்தால் அழுத்தம் ஏறும். மதகு அடைபட்ட ஏரியில் நீர் கலிங்கைத் தேடிப் போகிற மாதிரி, ரத்தம் சின்னச் சின்ன மாற்றுச் சிரைகளைப் பிடித்து இதயத்துக்குத் திரும்பப் பார்க்கும். அந்த மாற்றுப் பாதைகளில் ஒன்று உணவுக்குழாயின் அடிப்பகுதியில், மெல்லிய சவ்வுக்குக் கீழே ஓடுகிறது. அங்கே சிரைகள் புடைத்து முறுக்கிக்கொள்கின்றன. ஒருநாள் அவற்றில் ஒன்று உடைகிறது.

தடை மூன்று இடங்களில் விழலாம்: கல்லீரலுக்கு முன்னால், கல்லீரலுக்குள், கல்லீரலைத் தாண்டி. மேலை நாட்டுக் குழந்தைகளிடம் கல்லீரல் சுருக்கத்தால் வரும் அழுத்தமே அதிகம். இந்தியாவில் நிலைமை வேறு. இங்கே பெரும்பாலும் போர்ட்டல் சிரையே கல்லீரலை எட்டும் முன் ரத்தக்கட்டியால் அடைபட்டுவிடுகிறது. அடைபட்ட இடத்தைச் சுற்றி உடல் தானாகவே மெல்லிய நாளங்களின் பின்னல் ஒன்றை உண்டாக்குகிறது. டாப்ளர் ஸ்கேனில் அந்தப் பின்னலைப் பார்த்தவுடன் ரேடியாலஜிஸ்ட் நோயைச் சொல்லிவிடுவார். பின்னல் எவ்வளவு வளர்ந்தாலும் பழைய குழாய்க்கு ஈடாகாது.

பெற்றோர் மனத்தில் முதலில் பதிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இப்படி அடைபட்ட பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்குக் கல்லீரல் நன்றாகவே இருக்கிறது. ‘கல்லீரல் பக்கத்துப் பிரச்சினை’ என்று மருத்துவர் வாயெடுத்ததுமே உறவினர் கூட்டத்தில் குடியின் நினைவு வந்துவிடுகிறது. ‘குடிக்காத பிள்ளைக்கு எப்படி?’ என்ற கேள்வி தாயின் காதில் விழுகிறது. இந்த நோய்க்கும் குடிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. தாய் கர்ப்ப காலத்தில் சாப்பிட்ட எதனோடும் தொடர்பில்லை. கல்லீரல் வேலை செய்வதால்தான், அவ்வளவு ரத்தம் போயும் இந்தப் பிள்ளைகள் பிழைத்தெழுகிறார்கள். கல்லீரல் சுருங்கிய பிள்ளைக்கு அதே அளவு ரத்தப்போக்கு எமனாகிவிடக்கூடும்.

ஏன் அடைபடுகிறது? பாதிக்கும் மேற்பட்டவர்களிடம் காரணம் அகப்படுவதேயில்லை. அகப்படும் இடங்களில் விரல் நீளுவது தொப்புளை நோக்கி. கருவில் இருக்கும்போது நஞ்சுக்கொடியிலிருந்து ரத்தம் வந்த தொப்புள் சிரை, போர்ட்டல் சிரையின் இடது கிளையோடு சேர்கிறது. பிறந்த சில நாட்களில் தொப்புளில் சீழ் பிடித்தால் அந்தக் கிருமி இதே வழியாக உள்ளே போய்ச் சிரையைப் புண்ணாக்கி ரத்தத்தை உறைய வைக்கலாம். அறுந்த கொடியின் மேல் சாம்பலும் எண்ணெயும் மஞ்சளும் வைத்த காலம் நம் கிராமங்களில் நெடுநாள் இருந்தது. கொடியை எதுவும் தடவாமல் உலர்வாக விடுவதே நல்லது என்று பிரசவ அறையில் செவிலியர் சொல்வது வெறும் சம்பிரதாயப் பேச்சல்ல. இன்று தமிழ்நாட்டில் ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையிலேயே நடக்கின்றன. அந்தப் பழைய வழி பெருமளவு அடைபட்டுவிட்டது. ஆனால் குறைமாதக் குழந்தைகளைக் காப்பாற்றத் தொப்புள் சிரையில் குழாய் செருகுவது இன்று பல தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் வழக்கம். அதுவும் சில வேளை ரத்தக்கட்டிக்கு வித்திடுகிறது. உயிர் காக்கும் குழாயை வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. தேவை முடிந்தவுடன் அதை எடுத்துவிடுவதும், அந்தக் குழந்தைகளின் வயிற்றைப் பின்னாளில் மறக்காமல் தொட்டுப் பார்ப்பதும் செய்யக்கூடியவை.

ரத்தம் வந்த அந்த முதல் சில மணி நேரத்துக்கு வருவோம். வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான்: பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைப்பது, வாயில் எதையும் ஊற்றாமல் இருப்பது, 108-ஐ அழைப்பது. ரத்தம் வந்து நின்றுவிட்டது என்று வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது. மறுநாள் கன்னங்கரேல் என்று மலம் போனால், உள்ளே கசிந்த ரத்தம் அது.

மருத்துவமனையில் கைக்கு இரண்டு ஊசிக் குழாய்கள் ஏறும். திரவம், ரத்தம். இங்கே கவனம் வேண்டிய ஒரு நுணுக்கம் உண்டு. ரத்தம் போயிருக்கிறதே என்று பையாகப் பையாக ஏற்றிக்கொண்டே போனால் போர்ட்டல் அழுத்தமும் கூடவே ஏறும். நின்ற ரத்தம் திரும்ப வரும். அதனால் ஹீமோகுளோபின் 7, 8 கிராம் அளவில் நின்றால் போதும் என்பதே இன்றைய நடைமுறை. பெரியவர்களிடம் இந்த நிதானம் உயிர் காக்கிறது என்பதை 2013-ல் பார்சிலோனா மருத்துவர்கள் பெரிய ஆய்வொன்றில் நிரூபித்தார்கள். ‘இன்னும் ஒரு யூனிட் ஏத்துங்க டாக்டர்’ என்று கெஞ்சும் தகப்பனுக்கு இதைப் பொறுமையாக விளக்க வேண்டியது மருத்துவரின் கடமை.

கூடவே ஆக்ட்ரியோடைடு என்ற மருந்து சிரை வழியாகச் சொட்டுச் சொட்டாகப் போகும். குடலுக்கு வரும் ரத்த ஓட்டத்தைக் குறைத்து, அதன் மூலம் போர்ட்டல் அழுத்தத்தைத் தணிப்பது அதன் வேலை. இரண்டு முதல் ஐந்து நாள் வரை அதைத் தொடர்வார்கள். கல்லீரல் நோயுள்ள பிள்ளைக்கு ஆண்டிபயாட்டிக்கும் சேரும். பிள்ளை நிலைப்பட்டதும், கூடுமானால் 24 மணி நேரத்துக்குள், மயக்க மருந்து கொடுத்து எண்டோஸ்கோபி.

உணவுக்குழாய்க்குள் விளக்கும் கேமராவும் பொருத்திய குழாய் இறங்குகிறது. புடைத்த சிரையைக் கண்டால் அதை உறிஞ்சி இழுத்து அடியில் ஒரு சிறு ரப்பர் வளையத்தைப் பூட்டிவிடுகிறார் மருத்துவர். ரத்த ஓட்டம் தடைப்பட்ட அந்தப் புடைப்பு சில நாளில் வாடி உதிர்ந்துவிடும். இதுதான் பேண்டிங். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை என்று சில தடவை செய்தால் புடைப்புகள் எல்லாம் மறைந்துவிடும். பிள்ளையின் எடை பத்துக் கிலோவுக்குக் குறைவாக இருந்தால் பேண்டிங் கருவி தொண்டையில் நுழையாது. அவர்களுக்கு ஊசி வழியாகச் சிரையில் மருந்து செலுத்திச் சுருங்க வைப்பார்கள். இரைப்பையின் மேற்பகுதியில் புடைத்த சிரைகளுக்கு வளையம் பிடிக்காது. அங்கே உடனே உறையும் ஒரு பசையைச் செலுத்துவார்கள்.

இந்தக் கருவிகளுக்குப் பின்னால் நெடிய கதை உண்டு. 1939-ல் ஸ்வீடனில் கிளாரன்ஸ் கிராஃபோர்டு, பால் ஃபிரெங்க்னர் என்ற இரு மருத்துவர்கள், வளையாத உலோகக் குழாயை ஓர் இளம்பெண்ணின் உணவுக்குழாயில் இறக்கி, புடைத்த சிரைகளில் மருந்து செலுத்தியதை வெளியிட்டார்கள். அடுத்த பல ஆண்டுகள் அந்த முறை ஏறக்குறைய மறக்கப்பட்டே கிடந்தது; வளையும் எண்டோஸ்கோப் வந்த பிறகே அது உயிர்பெற்றது. 1986-ல் அமெரிக்காவின் டென்வரில் கிரெக் வான் ஸ்டீக்மன் மூல நோய்க்கு வளையம் போடும் முறையை உணவுக்குழாய்க்குக் கொண்டுவந்தார். ஆனால் பெரியவர்களிடம் பலித்தது குழந்தைகளிடமும் பலிக்குமா?

அந்தக் கேள்விக்கு நல்ல பதில் ஒன்று ஸ்ரீநகரிலிருந்து வந்தது. ஷேர்-இ-காஷ்மீர் மருத்துவ அறிவியல் கழகத்தில் ஷௌகத் அலி ஸர்கர் தலைமையிலான குழு, போர்ட்டல் சிரை அடைபட்டு ரத்தப்போக்கு வந்த 49 குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஊசி மருந்தும் மற்றதற்குப் பேண்டிங்கும் செய்தது. 2002-ல் வெளிவந்த முடிவு இது: ஊசி மருந்துக்குச் சராசரியாக ஆறு அமர்வுகள் தேவைப்பட்டன, பேண்டிங்குக்கு நான்கே போதுமாயிருந்தன. திரும்ப ரத்தம் வந்தவர்கள் ஊசிப் பிரிவில் 25 சதவீதம். பேண்டிங் பிரிவில் 4 சதவீதம். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் காஷ்மீர் எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்த்தால், அந்தச் சூழலில் குழந்தைகளை மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப வரவழைத்து இப்படியொரு ஆய்வை முடித்த உழைப்பின் கனம் புரியும். உலகின் பாடநூல்கள் இன்றும் அதை மேற்கோள் காட்டுகின்றன.

மாத்திரையும் உண்டு. இதயத் துடிப்பைக் குறைக்கும் புரொப்ரனோலால், போர்ட்டல் அழுத்தத்தையும் தணிக்கிறது என்று 1980-களின் தொடக்கத்தில் பாரிஸ் அருகே திதியே லெப்ரெக் குழு காட்டியது. பெரியவர்களுக்கு அது அன்றாட மருந்தாகிவிட்டது. குழந்தைகளுக்கு அவ்வளவு தாராளமாகத் தருவதில்லை, காரணம் இருக்கிறது. ரத்தம் போகும்போது சின்னக் குழந்தையின் உடல் சமாளிப்பது இதயத்தை வேகமாகத் துடிக்க வைத்துத்தான். அந்த வேகத்தை மருந்து கட்டிப்போட்டால் ஆபத்து. கைக்குழந்தைகளுக்கு ரத்தச் சர்க்கரையும் இறங்கிவிடலாம்.

பல குடும்பங்களின் கதை பேண்டிங்கோடு முடிந்துபோகிறது. ரத்தம் நின்றது, புடைப்பு மறைந்தது, ஸ்கோப் கிளியர் என்று சீட்டில் எழுதியாகிவிட்டது; ஊருக்குத் திரும்பிவிடுகிறார்கள். இங்கேதான் பெற்றோரும், சில சமயம் மருத்துவர்களும், கவனம் தவறுகிறார்கள். பேண்டிங் அடைத்தது உடைந்த வாயை மட்டும்தான். உள்ளே அழுத்தம் அப்படியே இருக்கிறது. கல்லீரலுக்குப் போக வேண்டிய ரத்தம் இன்னமும் போகவில்லை.

அதன் விலை மெதுவாகத் தெரியவரும். மண்ணீரல் பெருத்துக்கொண்டே போய்த் தட்டணுக்களையும் வெள்ளணுக்களையும் தனக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும். வகுப்பில் எல்லோரையும்விடப் பிள்ளை குள்ளமாக நிற்கும். அடைபட்ட சிரை குழந்தைகளின் வளர்ச்சியைப் பாதிக்கிறது என்பதை 1992-லேயே டெல்லி மருத்துவர்கள் ஆராய்ந்து வெளியிட்டார்கள். அடைப்பைச் சுற்றி வளரும் நாளப் பின்னல் பித்தநாளத்தை நசுக்கலாம். அப்படியானால் பதின்பருவத்திலோ அதற்குப் பிறகோ காமாலையும் பித்தக்கல்லும் வரும். குடலிலிருந்து வரும் ரத்தம் கல்லீரலைச் சுற்றிக்கொண்டு மூளைக்குப் போவதால் சில பிள்ளைகளின் கவனமும் நினைவும் மங்குகின்றன. கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு அல்ல; தேர்வு வைத்துப் பார்த்தால்தான் தெரியும். ‘படிப்பில் சுமார்’ என்று ஆசிரியர் சொல்லும் பிள்ளைகளில் யாருக்காவது இது காரணமாக இருந்தால், அதைக் கண்டுபிடிக்கப் பள்ளியில் எந்த வழியும் இல்லை.

அறுவை சிகிச்சையின் கேள்வி இங்கே எழுகிறது. 1877-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நிகோலாய் எக், நாய்களின் போர்ட்டல் சிரையை நேராக உடலின் பெருஞ்சிரையோடு இணைத்துப் பார்த்தார். அதே நகரில் பாவ்லோவ் குழு 1893-ல் அந்தப் பரிசோதனையைத் தொடர்ந்தபோது, இறைச்சி தின்ற நாய்கள் புத்தி தடுமாறி மயங்கியதைக் கண்டது. கல்லீரலைத் தாண்டி ரத்தத்தைத் திருப்பினால் அழுத்தம் குறையும், ஆனால் மூளை அதற்குக் கப்பம் கட்டலாம் என்ற பாடம் அன்றே கிடைத்தது. அதனால் எவ்வளவு ரத்தத்தைத் திருப்புவது, எங்கிருந்து எங்கே திருப்புவது என்பதே, இப்படி ரத்தத்தைத் திருப்பிவிடும் ‘ஷண்ட்’ அறுவையின் அடுத்த நூறாண்டு வரலாறு.

மண்ணீரல் சிரையை இடது சிறுநீரகச் சிரையோடு தைத்து அழுத்தத்தை இறக்குவது இந்தியாவில் நன்றாக வேரூன்றிய முறை. டெல்லி எய்ம்ஸ் அறுவை மருத்துவர்கள் 1976 முதல் 1992 வரை 160 குழந்தைகளுக்கு இதைச் செய்து, 1994-ல் கணக்கைப் பொதுவில் வைத்தார்கள். திட்டமிட்டு அறுவை செய்த 140 பேரில் இறந்தது ஒரே ஒரு குழந்தை. ரத்தம் கொட்டும்போது அவசரமாகச் செய்த 20 பேரில் இரண்டு. திரும்ப ரத்தம் வந்தது 17 பேருக்கு. பதினைந்து ஆண்டு கழித்தும் உயிரோடு இருப்போர் விகிதம் 95 சதவீதம். திட்டமிட்ட அறுவைக்கும் அவசர அறுவைக்கும் உள்ள அந்த வித்தியாசத்தைப் பெற்றோர் உற்றுப் பார்க்க வேண்டும். முடிவை அடுத்த ரத்த வாந்தி வரை தள்ளிப்போடக் கூடாது என்பதற்கு அதைவிட வலுவான வாதம் வேண்டியதில்லை.

வாரக்கணக்கில் பேருந்து ஏறிப் பேண்டிங்குக்கு வர முடியாத குடும்பங்கள் உண்டு. பெரிய மருத்துவமனையிலிருந்து வெகுதொலைவில், இரவில் ரத்தம் கிடைக்காத ஊர்களில் வாழ்கிறவர்கள் உண்டு. ஸ்கோப் வசதிக்கும் வீட்டுக்கும் உள்ள தூரமும் ஒரு மருத்துவக் காரணம்தான். ஒரே அறுவையில் அழுத்தத்தை இறக்கிவிடுவது அவர்களுக்குப் பெரிய பாதுகாப்பு.

எய்ம்ஸ் முறையில் மண்ணீரலை எடுத்துவிடுவார்கள். மண்ணீரல் இல்லாத பிள்ளைக்கு நிமோகாக்கஸ் போன்ற கிருமிகள் சில மணி நேரத்தில் உயிருக்கு உலை வைக்கும்; அதனால் அறுவைக்கு இரண்டு வாரமாவது முன்பே தடுப்பூசிகள் போட்டாக வேண்டும், பிறகு நெடுங்காலம் பென்சிலின் கொடுக்க வேண்டும். மண்ணீரலைக் காப்பாற்ற முடியாதா என்று யோசித்தவர்களில் ஒருவர் சண்டிகர் பி.ஜி.ஐ.யின் எஸ்.கே. மித்ரா. மண்ணீரலை அதன் இடத்திலேயே விட்டு, இரு சிரைகளையும் பக்கவாட்டில் வைத்து வாயோடு வாய் இணைக்கும் அவரது முறை 1993-ல் வெளியானது. இன்றும் குழந்தை அறுவை மருத்துவர்கள் அவர் பெயரைச் சொல்லியே அதைக் குறிப்பிடுகிறார்கள்.

இவையெல்லாம் அழுத்தத்தை இறக்குகின்றன. கல்லீரலுக்கு ரத்தத்தைத் திருப்பித் தருவதில்லை. அதைச் செய்தவர் பெல்ஜியத்தின் ஜான் டி வில் டி கோயே. பிரஸ்ஸல்ஸில் கல்லீரல் மாற்று அறுவை செய்துகொண்ட குழந்தைகளில் சிலருக்குப் போர்ட்டல் சிரை அடைபட்டபோது, 1990-களின் தொடக்கத்தில் அவர் ஒரு வழி கண்டார். பிள்ளையின் கழுத்திலிருந்து இடது ஜுகுலர் சிரையை ஒரு துண்டு எடுப்பது. அதன் ஒரு முனையைக் குடல் சிரையிலும், மறு முனையைக் கல்லீரலின் இடது மடலுக்குள் ரெக்ஸ் குழிவு என்று அழைக்கப்படும் இடத்தில் உள்ள போர்ட்டல் கிளையிலும் தைப்பது. அடைப்பைத் தாண்டிப் புதுப் பாதை. 1998-ல், மாற்று அறுவை செய்யாத, இயற்கையாகச் சிரை அடைபட்ட குழந்தைகளுக்கும் இது பலிப்பதை அவர் வெளியிட்டார். பயன் ரத்தப்போக்கோடு நிற்கவில்லை. கல்லீரலுக்கு ரத்தம் திரும்பிய பிள்ளைகளின் சிந்திக்கும் திறன் மேம்படுவதை 2006-ல் சிக்காகோ மருத்துவர்கள் அளந்து காட்டினார்கள். உயரமும் எடையும் ஏறின.

ஆகவே, கல்லீரல் நன்றாக இருந்து வெளியே மட்டும் சிரை அடைபட்ட பிள்ளைக்கு, முடிகிற இடத்தில் இந்த மெஸோ-ரெக்ஸ் அறுவையே முதல் தேர்வு என்று உலக வல்லுநர்கள் பரிந்துரைக்கிறார்கள். ‘முடிகிற இடத்தில்’ என்பது முக்கியம். கல்லீரலுக்குள் இருக்கும் இடது கிளை திறந்திருந்தால்தான் தைக்க இடம் கிடைக்கும். இந்தியக் குழந்தைகளில் பலருக்கு அடைப்பு உள்ளே வரை நீண்டுவிடுகிறது. அவர்களுக்குப் பழைய ஷண்ட்தான் வழி. யாருக்கு எது என்பதை சி.டி. ஆஞ்சியோகிராம் போன்ற படங்கள் எடுத்துப் பார்த்தே முடிவு செய்ய முடியும். ஆனால் அந்தப் படம் எடுக்கப்பட வேண்டும் அல்லவா? பேண்டிங் அறையிலேயே ஆண்டுகள் கழிந்துவிட்ட பிள்ளைக்கு அந்தக் கேள்வி கேட்கப்படாமலே போகிறது. குழந்தையாக இருக்கும்போதே, சிக்கல்கள் முற்றும் முன், ஷண்ட் செய்து பழகிய ஓர் அறுவை மருத்துவரிடம் ஒருமுறையாவது படங்களைக் காட்டிக் கருத்துக் கேட்பது இந்தப் பிள்ளைகள் ஒவ்வொருவரின் உரிமை.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். தட்டணு குறைகிறது, மண்ணீரல் பெரிதாக இருக்கிறது என்று, காரணத்தைத் தேடாமல் மண்ணீரலை மட்டும் வெட்டி எடுத்துவிடுவது இந்தப் பிள்ளைக்கு இழைக்கும் பெரிய தீங்கு. மண்ணீரல் போனால் அதன் சிரையும் பயனற்றுப் போகும். ஷண்ட் செய்ய இருந்த மிகச் சிறந்த குழாய் கைநழுவிவிடும். ரத்தப்போக்கும் நிற்காது. எலும்பு மஜ்ஜைச் சோதனைக்கும் மண்ணீரல் அறுவைக்கும் தேதி குறிப்பதற்கு முன் ஒரு டாப்ளர் ஸ்கேன் எடுத்தால் உண்மை தெரிந்துவிடும். மிக எளிய சோதனை, வலியில்லை, கதிர்வீச்சில்லை.

கல்லீரலே கெட்டு அழுத்தம் ஏறும் பிள்ளைகளின் பாதை வேறு. அங்கே அடிப்படை நோயைப் பிடிப்பதே சிகிச்சை. உடலில் தாமிரம் தேங்கும் வில்சன் நோய் என்றால் அதை வெளியேற்றும் மருந்து. உடலின் எதிர்ப்பாற்றலே கல்லீரலைத் தாக்கினால் ஸ்டீராய்டு. கல்லீரலிலிருந்து ரத்தம் வெளியேறும் சிரைகள் அடைபட்டால் பலூன் வைத்து விரித்து ஸ்டென்ட் பொருத்தலாம். ஒரு காலத்தில் இந்தியக் கைக்குழந்தைகளைக் கொத்துக் கொத்தாகப் பலிகொண்ட ஒரு கல்லீரல் சுருக்க நோய், ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரங்களில் காய்ச்சி வைத்த பாலோடு தொடர்புடையது என்று 1980-களில் புனேயில் நடந்த ஆய்வுகள் கண்டன. சமையலறையில் எவர்சில்வர் வந்து சேர்ந்தது. நோய் ஏறக்குறைய மறைந்தேவிட்டது. அறுவையோ மருந்தோ தொட முடியாத ஒன்றைப் பாத்திரம் மாறியது தீர்த்தது.

பிறவியிலேயே பித்தநாளம் அடைபடும் குழந்தைகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பிறந்து இரண்டு வாரத்துக்குப் பிறகும் மஞ்சள் நிற்காமல், மலம் சுண்ணாம்பாக வெளுத்துப் போனால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. ‘வெயிலில் காட்டினால் சரியாகிவிடும்’ என்ற ஆறுதல் இங்கே விலையுயர்ந்தது. ஜப்பானின் செண்டாயில் மோரியோ கசாய் 1950-களில் வகுத்த அறுவை, குடலை நேராகக் கல்லீரலின் வாயிலில் தைத்துப் பித்தத்தை வடியச் செய்கிறது. அறுபது நாளுக்குள் செய்தால் பலன் அதிகம். தைவான் 2004-ல் மல நிறங்களின் படம் அச்சிட்ட அட்டையை நாடு முழுக்கக் குழந்தை நலக் கையேட்டில் சேர்த்தது. தாய்மார் ஒப்பிட்டுப் பார்த்துச் சீக்கிரமே வந்தார்கள். தமிழ்நாட்டின் தாய் சேய் நல அட்டையில் அப்படியொரு பக்கம் சேர்க்க ஆகும் செலவு மிகச் சொற்பம்.

கசாய் அறுவை வெற்றி பெற்றாலும் இந்தக் குழந்தைகளில் பெரும்பாலோருக்குப் போர்ட்டல் அழுத்தம் பின்னால் ஏறுகிறது. தோற்றால் கல்லீரல் மாற்றுதான். 1963-ல் டென்வரில் தாமஸ் ஸ்டார்ஸல் உலகின் முதல் கல்லீரல் மாற்று அறுவையைச் செய்தது, பித்தநாளம் அடைபட்ட மூன்று வயதுக் குழந்தைக்கு. அந்தக் குழந்தை அறுவை மேசையிலேயே இறந்தது. முப்பத்தைந்து ஆண்டு கழித்து, 1998 நவம்பரில், அதே நோயோடு காஞ்சிபுரத்திலிருந்து டெல்லி அப்பல்லோவுக்குப் போன இருபது மாதக் குழந்தைக்குத் தகப்பனின் கல்லீரலில் ஒரு பகுதியை எடுத்துப் பொருத்தினார்கள். குழந்தைகளுக்கு இந்தியாவில் வெற்றி கண்ட முதல் கல்லீரல் மாற்று அது. அந்தக் குழந்தை வளர்ந்து மருத்துவம் படித்து, இன்று தானே ஒரு மருத்துவர். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் கல்லீரல் மாற்று சேர்ந்திருப்பதால், அந்த வாசல் பணமுள்ளவர்களுக்கு மட்டும் திறந்ததாக இன்று தமிழகத்தில் இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு? சிரை அடைபட்ட பிள்ளைக்குச் சாப்பாட்டில் பெரிய பத்தியம் கிடையாது. ரத்தம் வந்தது என்று காரத்தையும் கறியையும் நிறுத்தி, கஞ்சி மட்டும் கொடுத்து இளைக்க வைக்கும் வழக்கத்தை மருத்துவர்கள் கண்டித்துச் சொல்லித் தடுக்க வேண்டியிருக்கிறது. வளர்ச்சியே தடுமாறும் பிள்ளைக்குப் பருப்பும் முட்டையும் மீனும் தாராளமாக வேண்டும். காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும். ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் கலந்த எதையும் தொடக் கூடாது. காய்ச்சலுக்குப் பின்னால் ரத்தம் வரும் கதைகளில் பலவற்றில் அந்த மருந்துகளுக்குப் பங்குண்டு. காய்ச்சல் சிரப்பின் அட்டையில் சிறிய எழுத்தில் எழுதியிருப்பதைக் கடைக்காரரிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

மண்ணீரல் விலாவுக்குக் கீழே இறங்கியிருக்கும் வரை கபடி, கால்பந்து, கராத்தே வேண்டாம். அதற்காகப் பிள்ளையை வகுப்பறைக்குள் பூட்டி வைக்கவும் வேண்டாம். நடை, ஓட்டம், இறகுப்பந்து எல்லாம் ஆடலாம். நோயின் பெயரும், அவசரத்தில் கூப்பிட வேண்டிய எண்ணும், ரத்தப் பிரிவும் எழுதிய ஒரு தாள் வகுப்பாசிரியரிடம் இருப்பது நல்லது.

பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் போகும் அரசின் சிறார் நலப் பரிசோதனைக் குழுக்கள் 2013 முதல் நாடெங்கும் இயங்குகின்றன. பல், கண், எடை, உயரம் பார்க்கிறார்கள். பிள்ளையைப் படுக்க வைத்து இடது விலாவுக்குக் கீழே கை வைத்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும். வயதுக்கு உயரமில்லாத ஒரு பிள்ளையிடம் அங்கே கட்டி தட்டுப்பட்டால், முதல் ரத்த வாந்திக்குக் காத்திருக்காமலே நோய் அகப்பட்டுவிடும்.

பதினெட்டு வயதில் இந்தப் பிள்ளைகள் குழந்தை மருத்துவரிடமிருந்து பெரியவர்களின் இரைப்பைக் குடல் மருத்துவரிடம் மாற வேண்டியிருக்கிறது. கல்லூரி, வேலை, ஊர் மாற்றம் எல்லாம் சேர்ந்து வரும் அந்த ஓரிரு ஆண்டுகளில்தான் பரிசோதனைகள் விட்டுப்போகின்றன. ஷண்ட் செய்தவர்களுக்கு அது திறந்திருக்கிறதா என்று டாப்ளர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பேண்டிங் செய்தவர்களுக்குப் புடைப்பு திரும்பியிருக்கிறதா என்று ஸ்கோப். பெண்பிள்ளைகளின் வீட்டில் இன்னொரு கவலை ஓடும், வாய்விட்டுக் கேட்கவும் தயங்குவார்கள். கல்லீரல் நன்றாக இருக்கும் பெண்கள் திருமணம் செய்துகொள்ளலாம், கருத்தரிக்கலாம். கண்காணிப்போடு பெரும்பாலோருக்குப் பிரசவம் நல்லபடியாகவே முடிகிறது. கர்ப்பம் தரிக்கும் முன் ஒருமுறை எண்டோஸ்கோபி செய்து, புடைப்பு இருந்தால் அப்போதே கட்டிவிட வேண்டும். அதைச் செய்ய முடிவதற்கு, ஐந்து வயதில் முதன்முதலாக எழுதிய சீட்டிலிருந்து கடைசி ஸ்கேன் வரை எல்லாம் ஒரே கோப்பில் அந்தப் பெண்ணின் கையில் இருக்க வேண்டும்.